கர்ப்பிணியின் ஆபத்துப் படிவத்தில் இன்னொரு நிரல் வேண்டும்: ஒரு திறந்த மடல்

மகப்பேறு மருத்துவச் சங்கங்களில் வழிகாட்டுநெறிகளை எழுதும் குழுக்களுக்கு,

வணக்கம்.

நான் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் செவிலி. நீங்கள் எழுதும் நெறிகள் பலித்தால் எங்களுக்கு வேலை குறைகிறது. பலிக்காவிட்டால் எங்கள் இன்குபேட்டர்கள் நிறைகின்றன. அந்த உரிமையில்தான் இந்த மடல்.

பேச வந்தது குறைப்பிரசவத்தைத் தடுக்க உதவ வேண்டிய ஒரு படிவத்தைப் பற்றி. கர்ப்பிணி முதல்முறை பரிசோதனைக்கு வரும்போது நாம் நிரப்புகிற ஆபத்துக் காரணிப் படிவம். முன்பு குறைமாதத்தில் குழந்தை பிறந்ததுண்டா, வயிற்றில் ஒன்றா இரண்டா, ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தசோகை, சிறுநீர்த் தொற்று, கருப்பை வாயின் நீளம் என்று ஒரு பக்கம். வயது, எடை, படிப்பு, வருமானம், என்ன வேலை, புகைப்பழக்கம், வீட்டில் துணைக்கு யார் என்று இன்னொரு பக்கம். முதல் பக்கத்தில் டிக் விழுந்தால் ஏதாவது ஒன்று நடக்கிறது. ஸ்கேனுக்கு நாள் குறிக்கிறோம், மாத்திரை எழுதுகிறோம், பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறோம். இரண்டாம் பக்கத்தில் டிக் விழுந்தால் ‘அறிவுரை வழங்கப்பட்டது’ என்று எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுகிறோம்.

நான் கேட்பது ஒன்றுதான். அந்த இரண்டாம் பக்கத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிரே, அந்தப் பெண் செய்ய வேண்டியதை எழுதுவதற்கு முன்பாக, மருத்துவமனை செய்ய வேண்டியது என்ன என்று ஒரு நிரல் போடுங்கள். நம்மால் எதுவும் செய்ய முடியாது என்று தோன்றும் கட்டம் இருந்தால், அந்தக் கேள்வியைக் கேட்பதையே நிறுத்திவிடுங்கள். ஒருவரின் வறுமையைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, பிறகு அதைக் கோப்பில் போட்டு மூடிவைப்பது மரியாதையான காரியமாக எனக்குப் படவில்லை.

இந்தப் படிவம் தாய்மார்களுக்கு என்ன செய்கிறது என்பதை நீங்கள் பார்ப்பதைவிட நாங்கள் அதிகம் பார்க்கிறோம். பிரசவம் முடிந்ததும் அவர் உங்கள் பொறுப்பிலிருந்து போய்விடுகிறார். பிறகு வாரக்கணக்கில் எங்கள் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். “நான் என்ன தப்பு பண்ணேன் சிஸ்டர்?” என்று கேட்காத தாய் அபூர்வம். மாடிப்படி ஏறியது, வேலைக்குப் போனது, ஒருநாள் கோபத்தில் அழுதது, சாப்பிடாமல் தூங்கியது என்று அவரே ஒரு பட்டியல் வைத்திருப்பார். அந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி நாம் கேட்ட கேள்விகளிலிருந்துதான். கேட்டவர்கள் அதற்காக எதையும் செய்யவில்லை என்றால், செய்ய வேண்டியவர் தானே என்றுதானே அவர் எடுத்துக்கொள்வார்?

உண்மையில் நாம் அறிந்தது எவ்வளவு? 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, செக் குடியரசு, நியூசிலாந்து, ஸ்லோவேனியா, ஸ்வீடன் நாடுகளிலும் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்திலும் பிறந்த 41 லட்சம் ஒற்றைக் குழந்தைகளின் பதிவுகளை எடுத்துப் பார்த்தது. முந்தைய குறைப்பிரசவம், முன்சூல்வலிப்பு (கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறும் நோய்), தாயின் வயது, எடை, புகை என நம் படிவத்தில் இருக்கும் காரணிகள்தான் அங்கும் கணக்கில் எடுக்கப்பட்டன. அவற்றுக்கும் குறைப்பிரசவத்துக்கும் தொடர்பு இருப்பது உறுதியானது. ஆனால் மொத்தக் குறைப்பிரசவங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்கு அவற்றால் உயிரியல் விளக்கம் தர முடியவில்லை. வளமான, பதிவுகள் ஒழுங்காக உள்ள இடங்களில் கிடைத்த முடிவு இது. அப்படியிருக்க, கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மூன்று தாய்மார்களில் இரண்டு பேருக்கு ‘ஏன்’ என்பதற்கு நம்மிடம் பதில் இல்லை. இதை அவர்களிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உங்கள் நெறிகளில் எங்காவது ஒரு வரியாக இது இருந்தால், வார்டில் எங்களுக்குப் பெரிய உதவி.

முதல் கர்ப்பத்தின் நிலை இன்னும் மோசம். குறைப்பிரசவத்துக்கான மிக வலுவான அறிகுறிகளில் ஒன்று முன்பு ஒருமுறை அப்படிப் பிறந்திருப்பது. முதன்முறை கருத்தரித்தவருக்கு அந்த வரியே காலி. படிவம் அவரை ‘ஆபத்து குறைவு’ என்று அனுப்பிவைக்கும்.

எண்ணிக்கையையும் ஒருமுறை நினைவில் நிறுத்துவோம். கர்ப்பம் 37 வாரம் முடியும் முன் பிறப்பது குறைப்பிரசவம். 28 வாரத்துக்கும் முன் என்றால் அதிதீவிரக் குறைமாதம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2020-இல் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இப்படிப் பிறந்தார்கள். பிறக்கும் பத்துக் குழந்தைகளில் ஒன்றுக்கு மேல். 2019-இல் ஏறக்குறைய 9 லட்சம் குழந்தைகள் குறைமாதப் பிறப்பின் சிக்கல்களால் இறந்தார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மரணத்துக்கு உலகளவில் முதல் காரணம் இதுதான். நாட்டுக்கு நாடு குறைப்பிரசவ விகிதம் 4 சதவீதத்திலிருந்து 16 சதவீதம் வரை மாறுகிறது. மனித உடல் எங்கும் ஒன்றுதான். நான்கு மடங்கு வித்தியாசம் முழுவதையும் உடலுக்குள் தேடிக்கொண்டிருக்க முடியாது.

மருத்துவப் பக்கத்தைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. அங்கே நல்ல வேலை நடந்திருக்கிறது. கர்ப்பத்தின் நடுப்பகுதியில், 24 வாரத்துக்குள், கருப்பை வாயின் நீளம் 25 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் ஆபத்து கூடும் என்பது இன்று ஸ்கேன் அறையில் எல்லோருக்கும் தெரியும். அப்படிக் கருப்பை வாய் குறுகிய பெண்களில், ஒற்றைக் குழந்தையைச் சுமப்பவர்களுக்குப் பிறப்புறுப்பில் வைக்கும் புரோஜெஸ்ட்ரான் என்ற ஹார்மோன் மருந்து பலன் தருகிறது. சிலருக்குக் கருப்பை வாயில் போடும் தையல் உதவுகிறது. முதல் குழந்தையைச் சுமக்கும் பெண்களுக்கு 81 மில்லிகிராம் ஆஸ்பிரின் தினமும் கொடுத்து ஆறு நாடுகளில் நடந்த சோதனையின் முடிவு 2020-இல் வந்தது: குறைப்பிரசவம் 11 சதவீதம் குறைந்திருந்தது. இவ்வளவு மலிவான மாத்திரை நம் துறையில் வேறெது?

இன்னொன்றையும் மனதாரப் பாராட்டுகிறேன். இரட்டைக் கர்ப்பங்களில் பாதிக்கு மேல் 37 வாரத்தை எட்டுவதில்லை. செயற்கைக் கருத்தரிப்பில் இரண்டு மூன்று கருக்களை வைப்பது வழக்கமாக இருந்தபோது எங்கள் பிரிவுகளில் இரட்டையர், மூவர் என்று வந்துகொண்டே இருந்தார்கள். அப்போது ‘இரட்டையைச் சுமக்காதீர்கள்’ என்று தாய்க்கு அறிவுரை சொல்லிவிட்டு யாரும் ஒதுங்கவில்லை. பல இடங்களில் மருத்துவர்களே தங்கள் வழக்கத்தை மாற்றிக்கொண்டார்கள்: ஒரு கரு மட்டும் வைப்போம் என்று முடிவெடுத்தார்கள். ஆபத்துக் காரணியைத் துறை தன் தோளில் ஏற்றுக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் மருத்துவக் காரணி என்றால் உறுதி, சமூகக் காரணி என்றால் வெறும் ஊகம் என்று நம் கூட்டங்களில் பேசப்படுவதைக் கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். ஈறு நோய் உள்ள கர்ப்பிணிகளுக்குக் குறைப்பிரசவம் அதிகம் என்று கண்டார்கள். கர்ப்ப காலத்திலேயே ஈறுக்குச் சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள்; 2006-இல் வந்த பெரிய சோதனையில் பிரசவ நாள் மாறவில்லை. பிறப்புறுப்பில் கிருமிச் சமநிலை குலைவதும் அப்படித்தான். தொடர்பு தெளிவாக இருக்கிறது. ஆபத்து குறைந்த பெண்களை எல்லாம் சோதித்து மருந்து கொடுத்தாலும் குறைப்பிரசவம் குறையவில்லை. வாரா வாரம் போடும் புரோஜெஸ்ட்ரான் ஊசிக்கு அமெரிக்காவில் 2011-இல் விரைவு அனுமதி கிடைத்தது. பிறகு நடந்த பெரிய சோதனை அதில் பலனில்லை என்று காட்ட, 2023-இல் அந்த அனுமதி திரும்பப் பெறப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் பெண்கள் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். முழுப் படுக்கை ஓய்வைப் பற்றி என்ன சொல்ல? அது பிரசவத்தைத் தள்ளிப்போடும் என்பதற்கு ஆதாரமில்லை, ரத்தம் உறையும் ஆபத்து கூடும், தசை தளரும், சம்பளம் போகும் என்று தெரிந்த பிறகும் சீட்டில் எழுதப்படுகிறது. அதாவது ஒன்று ஆபத்தோடு சேர்ந்து வருவது வேறு, அதை மாற்றினால் விளைவு மாறுவது வேறு. இந்தக் கண்டிப்பை வைப்பதானால் இரண்டு பக்கத்துக்கும் வையுங்கள்.

இனி இந்தப் படிவத்தின் பிறப்புக் கதை. உங்களில் மூத்தவர்களுக்குத் தெரிந்திருக்கும், இளையவர்களுக்குச் சொல்லப்படுவதில்லை.

பிரான்ஸில் எமில் பாப்பியர்னிக் என்ற மகப்பேறு மருத்துவர் 1969-இல் குறைப்பிரசவத்துக்கென்று ஒரு மதிப்பெண் அட்டை தயாரித்தார். அதன் வரிகளைப் பார்த்தால் இன்றும் ஆச்சரியமாக இருக்கும். முந்தைய பிரசவங்கள், கருப்பையின் நிலை ஆகியவற்றோடு, லிஃப்ட் இல்லாத வீட்டில் மூன்று மாடிக்கு மேல் ஏற வேண்டுமா, தினமும் நீண்ட பயணமா, வேலை கடினமானதா, வீட்டில் ஏற்கெனவே சின்னக் குழந்தைகள் உண்டா என்பதற்கெல்லாம் புள்ளிகள் இருந்தன. 1971 முதல் அல்சாஸ் பகுதியின் ஆகனோ நகரில் அதை வைத்து ஒரு திட்டம் நடந்தது. புள்ளி கூடிய பெண்ணை அவர் என்ன செய்தார்? உழைப்பைக் குறைக்கச் சொன்னார். அதுவரை நம் அறிவுரைதான். ஆனால் அங்கே அந்தச் சொல்லுக்குப் பின்னால் சம்பளத்தோடு கூடிய மருத்துவ விடுப்பு இருந்தது. மருத்துவர் கையெழுத்திட்டால் அந்தப் பெண் மறுநாள் வேலைக்குப் போக வேண்டியதில்லை, வருமானமும் நிற்காது. பிரான்ஸ் முழுவதிலும் குறைப்பிரசவ விகிதம் 1972-இல் 8.2 சதவீதமாக இருந்தது, 1981-இல் 5.6 ஆனது. அந்தப் பத்தாண்டில் வேறு பலவும் மாறின, ஆகவே புகழ் முழுவதையும் ஒரு திட்டத்துக்குக் கொடுத்துவிட முடியாது. பெண்களைச் சீட்டுக்குலுக்கி இரு குழுவாகப் பிரித்து ஒப்பிட்ட சோதனையும் அல்ல அது. இந்த எச்சரிக்கையோடுதான் சொல்கிறேன்.

அட்டை கடல் தாண்டி அமெரிக்காவுக்குப் போனது. அங்கே அதைச் செம்மைப்படுத்தி, 10 புள்ளியோ அதற்கு மேலோ இருந்தால் உயர் ஆபத்து என்று வரையறுத்தார்கள். 1980-களில் பல மருத்துவமனைகளில் முறையான சோதனை நடத்தினார்கள். உயர் ஆபத்துள்ள பெண்களுக்குப் பிரசவ வலியின் தொடக்க அறிகுறிகளைக் கற்றுக்கொடுத்தார்கள். வாரா வாரம் வரச்சொல்லிக் கருப்பை வாயைப் பரிசோதித்தார்கள். 1993-இல் முடிவு வந்தது: பலனில்லை. மதிப்பெண் அட்டைக்கே கெட்ட பெயர் ஆயிற்று.

என் வாசிப்பு வேறு. கடல் தாண்டிப் போனது கேள்விகளும் பாடமும் பரிசோதனையும்தான், விடுப்பு போகவில்லை. அதற்குச் சட்டம் வேண்டியிருந்தது, பணம் வேண்டியிருந்தது, முதலாளி ஒத்துழைக்க வேண்டியிருந்தது. கேள்வியைக் கொண்டுபோவது எளிது. இன்று நம் மேசையில் இருக்கும் படிவம் அந்த அரைகுறை அட்டையின் பேரப்பிள்ளை.

சரி, வாழும் நிலையை மாற்றினால் பிரசவ நாள் மாறுமா? மாறிய இடங்கள் உண்டு, எண்களும் உண்டு. பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடை செய்த சட்டங்களுக்கு முன்னும் பின்னும் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நிலைமை எப்படி இருந்தது என்று ஒப்பிட்ட ஆய்வுத் தொகுப்பு 2014-இல் வந்தது. குறைப்பிரசவம் சுமார் 10 சதவீதம் குறைந்திருந்தது. அந்த ஆஸ்பிரின் சோதனையில் கிடைத்த பலனுக்குப் பக்கத்திலேயே இந்த எண் நிற்கிறது. அமெரிக்காவில் நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் வண்டி நிற்காமலே கட்டணம் செலுத்தும் மின்னணு முறை வந்தபோது, வண்டிகள் வரிசையில் நின்று புகை கக்குவது குறைந்தது. சாவடிக்கு 2 கிலோமீட்டருக்குள் வசித்த தாய்மார்களிடையே குறைப்பிரசவம் 10.8 சதவீதம் குறைந்ததாக 2011-இல் இரண்டு பொருளாதார அறிஞர்கள் கணக்கிட்டார்கள். அந்தச் சாவடிகளை அமைத்த பொறியாளர்கள் கர்ப்பிணிகளை நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்! கலிஃபோர்னியாவில் 2001-க்கும் 2011-க்கும் இடையே எட்டு நிலக்கரி, எண்ணெய் மின்நிலையங்கள் மூடப்பட்டன; அவற்றுக்கு 5 கிலோமீட்டருக்குள் குறைப்பிரசவ விகிதம் 7.0 சதவீதத்திலிருந்து 5.1 ஆனது.

இந்த மூன்று இடங்களிலும் எந்தப் பெண்ணுக்கும் யாரும் அறிவுரை சொல்லவில்லை. எந்தப் படிவமும் நிரப்பப்படவில்லை. காற்று மாறியது, அவ்வளவுதான்.

வெப்பமும் இந்தக் கணக்கில் வருகிறது. 2020-இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் குறைப்பிரசவ வாய்ப்பு சுமார் 5 சதவீதம் கூடுவதும், வெப்ப அலையின்போது 16 சதவீதம் கூடுவதும் தெரிந்தது. வெயிலில் நின்று வேலை பார்க்கும் கர்ப்பிணியிடம் ‘நிறையத் தண்ணீர் குடியுங்கள்’ என்று சொல்கிறோம். தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும். வேலையிடத்தில் கழிப்பறை இருக்கிறதா என்ற கேள்வி நம் படிவத்தில் இல்லை. அடக்கி வைத்து வைத்துச் சிறுநீர்த் தொற்றோடு வந்த பிறகு அதை மருத்துவக் காரணி என்று முதல் பக்கத்தில் குறித்துக்கொள்கிறோம்.

பணம் பற்றிப் பேசத் தயங்குகிறோம், அதையும் சொல்லிவிடுகிறேன். கனடாவின் மானிட்டோபா மாநிலம் வருமானம் குறைந்த கர்ப்பிணிகளுக்கு மாதம் அதிகபட்சம் 81 டாலர் கொடுக்கும் திட்டத்தை 2001-இல் தொடங்கியது. அந்தப் பணத்தை இதற்குத்தான் செலவழிக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. அதைப் பெற்றவர்களையும் அதே நிலையில் இருந்தும் பெறாதவர்களையும் ஒப்பிட்டதில், பெற்றவர்களிடையே குறைப்பிரசவமும் எடை குறைந்த பிறப்பும் குறைவாக இருந்தன. ‘வருமானம்’ என்று படிவத்தில் ஒரு கட்டம் வைத்திருக்கிறோமே, அதற்கு எதிரே எழுத ஒரு செயல் இருக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன். உங்கள் அரசில் கர்ப்பிணிக்கு ஏதாவது உதவித்தொகை இருந்தால், அதற்கான விண்ணப்பத்தை முதல் பரிசோதனையன்றே நாமே நிரப்பி அனுப்பலாம். அவர் எத்தனை அலுவலகம் ஏறி இறங்குவார்?

இன்னொரு கட்டம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது: இனம், சமூகம் என்று கேட்கும் கட்டம். அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களுக்குக் குறைப்பிரசவம் 14 சதவீதத்துக்கு மேல். வெள்ளையினப் பெண்களுக்கு 9 சதவீதத்தை ஒட்டி. நெடுங்காலம் இதை உடம்பின் இயல்பு என்றே பாடப்புத்தகம் சொல்லிக்கொண்டிருந்தது. 1997-இல் இல்லினாய் மாநிலப் பதிவுகளை வைத்து இரண்டு குழந்தை மருத்துவர்கள் ஓர் எளிய ஒப்பீடு செய்தார்கள். ஆப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிவந்த கறுப்பினப் பெண்களின் குழந்தைகள் எடையில் வெள்ளையினக் குழந்தைகளுக்கு நெருக்கமாக இருந்தன. அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த கறுப்பினப் பெண்களின் குழந்தைகள்தான் எடையில் பின்தங்கியிருந்தன. மரபுதான் காரணம் என்றால் இது தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? செப்டம்பர் 2001 தாக்குதலுக்குப் பிந்தைய ஆறு மாதங்களில் கலிஃபோர்னியாவில் அரபுப் பெயர் கொண்ட தாய்மார்களுக்கு எடை குறைந்த குழந்தை பிறப்பது, முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிடக் கூடியது. மற்றப் பெண்களுக்குக் கூடவில்லை. அந்த ஆறு மாதத்தில் அவர்கள் உடம்பில் என்ன மாறியிருக்கும்? தெருவில் மற்றவர்கள் பார்த்த பார்வைதான் மாறியிருந்தது. மன அழுத்தம் நஞ்சுக்கொடி வரை எட்டும் வழிகளில் சிலவற்றை உடலியல் அறிஞர்கள் கண்டிருக்கிறார்கள். அழுத்தம் தரும் ஹார்மோன்களுக்கு எதிர்வினையாக நஞ்சுக்கொடி தானும் ஒரு ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது, அது பிரசவ நேரத்தோடு தொடர்புள்ளது. ஆகவே அந்தக் கட்டத்தை வைத்துக்கொள்வதானால், எதிரே எழுத வேண்டியது ஒன்று உண்டு: இவரை நம் மருத்துவமனையில் யாராவது அவமதித்தார்களா என்று யார் கேட்கப்போகிறார்கள், எப்போது கேட்கப்போகிறார்கள்?

கேட்கும் விதத்தைப் பற்றியும் கொஞ்சம். வீட்டில் அடி உதை உண்டா என்ற கேள்வியைக் கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கேட்கிறோம். ‘இல்லை’ என்ற பதிலை எழுதிக்கொள்கிறோம். கர்ப்ப காலத்தில் துணைவரின் வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்குக் குறைப்பிரசவ வாய்ப்பு அதிகம் என்பது பல நாடுகளின் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த செய்தி. அந்த ஒரு கேள்விக்காக ஐந்து நிமிடம் தனி அறை கொடுக்க நெறியில் எழுதுங்கள். எழுதினால்தான் நிர்வாகம் அறை தரும். புகைப்பழக்கத்தையும் தாயிடம் மட்டுமே கேட்கிறோம். பிறர் விடும் புகையும் அவர் நுரையீரலுக்குத்தான் போகிறது. வீட்டில் யார் புகைபிடிக்கிறார் என்று கேட்டு, அவரை வரச்சொல்லி, அவருக்கு நிறுத்தும் சிகிச்சை கொடுங்கள்.

‘நாங்கள் மருத்துவர்கள், வீட்டையும் வேலையையும் எங்களால் மாற்ற முடியுமா’ என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. எல்லாவற்றையும் முடியாது. சில விஷயங்களை உங்களால் மட்டுமே முடியும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000-ஆம் ஆண்டு மகப்பேறு பாதுகாப்பு உடன்படிக்கை, தாய்க்கோ குழந்தைக்கோ தீங்கான வேலையைக் கர்ப்பிணி செய்யக் கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்கிறது. அதோடு வந்த பரிந்துரை இன்னும் குறிப்பாகப் பேசுகிறது: இரவு வேலை கர்ப்பத்துக்கு ஒவ்வாது என்று மருத்துவச் சான்று இருந்தால் அவரை இரவு வேலைக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது. சுமை தூக்குவதும் நீண்ட நேரம் நிற்பதும் அதில் இடம்பெறுகின்றன. சுழற்சிமுறைப் பணிக்கும் வாரத்தில் 40 மணிக்கு மேற்பட்ட வேலைக்கும் குறைப்பிரசவத்தோடு தொடர்பு இருப்பது ஆய்வுத் தொகுப்புகளில் தெரிகிறது. தொடர்பு பெரியதல்ல; ஆனால் வேலைக்குப் போகும் கர்ப்பிணிகளின் எண்ணிக்கை பெரியது. அந்தச் சான்றில் கையெழுத்துப் போடும் அதிகாரம் தொழிற்சங்கத்துக்குக் கிடையாது, எங்களுக்கும் கிடையாது. உங்களுக்கு இருக்கிறது. ஆயத்தமாக அச்சடித்த ஒரு பக்கக் கடிதம், முதலாளியின் பெயருக்கு, பரிசோதனை அறையின் மேசையிலேயே இருக்கட்டும். படிவத்தில் ‘இரவுப்பணி’ என்று டிக் விழுந்ததும் அந்தக் கடிதம் கையெழுத்தாகிப் பெண்ணின் கையில் போக வேண்டும். கடிதத்தைக் கொடுத்தால் வேலையே போய்விடும் என்று பயப்படும் பெண்களும் உண்டு. ஆகவே வேண்டுமா வேண்டாமா என்பது அவர் முடிவு.

கடைசியாக எங்கள் பிரிவிலிருந்தே தொடங்க வேண்டிய ஒன்று. ‘முந்தைய பிரசவத்துக்கும் இதற்கும் இடைவெளி குறைவு’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. உயிரோடு ஒரு குழந்தை பிறந்தால் அடுத்த கருத்தரிப்புக்கு 24 மாதமாவது விட உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆறு மாதத்துக்குள் கருத்தரித்தால் ஆபத்து நன்றாகவே கூடுகிறது. இந்தக் கட்டத்தில் டிக் விழுந்தால் நாம் அந்தப் பெண்ணைப் பார்க்கும் பார்வையை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் முதல் குழந்தை எங்களிடம் வாரக்கணக்கில் இருந்தபோது அவருக்குக் கருத்தடை முறை பற்றி யார் பேசினார்கள்? பிரசவ வார்டு அவரை அனுப்பிவிட்டது. நாங்கள் குழந்தையை மட்டும் பார்க்கிறோம். அவருடைய பிரசவத்துக்குப் பிந்தைய பரிசோதனை நாள் எங்கள் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே கழிந்துபோகிறது. ரத்த அழுத்தம் இறங்கியதா, ரத்தசோகை சரியானதா என்று பார்க்க ஆளில்லை. அடுத்த கர்ப்பத்தில் குறைப்பிரசவத்துக்கு மிக அதிக வாய்ப்புள்ள பெண்கள் அத்தனை பேரும் ஒரே கூரையின் கீழ், தினமும், எங்கள் முன்னால் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போகக்கூட வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு நாள் ஒரு மகப்பேறு மருத்துவரையோ பயிற்சி பெற்ற மருத்துவச்சியையோ எங்கள் பிரிவுக்கு அனுப்புங்கள். அவர் உட்கார நாற்காலியும் ரத்த அழுத்தக் கருவியும் நாங்கள் ஏற்பாடு செய்கிறோம்.

அடுத்த திருத்தப் பதிப்புக்கு நீங்கள் கூடும்போது, தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலி ஒருவரையும், குறைமாதத்தில் குழந்தை பெற்ற தாய் ஒருவரையும் வாக்குரிமையோடு குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். புதிய நிரலில் என்ன எழுதுவது என்று தெரியாமல் நீங்கள் நிற்கும் வரிகளில் பாதியை அந்தத் தாயே நிரப்பிவிடுவார்.

இப்படிக்கு,
பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலி ஒருவர்